23-ஆவது வாக்கு

2003 செப்டம்பரில் மிசூரி மாநிலச் செனட்டர் ஒருவர் குவாண்டனாமோ விரிகுடாவிலிருந்து விமானம் ஏறி மாநிலத் தலைநகர் ஜெபர்சன் சிட்டிக்கு வந்தார். ஜான் டோலன் தேசியக் காவற்படையில் மேஜர். அப்போது கியூபா மண்ணில் உள்ள அமெரிக்கத் தளத்தில் பணியில் இருந்தார். விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தது ஒரே ஒரு வாக்கைப் போடுவதற்காக. ஆளுநர் பாப் ஹோல்டன் கையெழுத்திட மறுத்துத் திருப்பி அனுப்பிய துப்பாக்கி மசோதா அன்று செனட்டில் மறுபடியும் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆளுநரின் வீட்டோவை உடைக்க 34 பேர் கொண்ட அவையில் 23 வாக்குகள் வேண்டும். டோலன் வந்து சேர்ந்த பிறகு சரியாக 23 விழுந்தன, எதிராக 10. கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கு உரிமம் தரும் முறை மிசூரியில் அப்படித்தான் பிறந்தது.

அமெரிக்காவில் ஆண்டுதோறும் ஏதாவது ஒரு மாநிலத் தலைநகரில் ஒரு கேள்வி எழும்: துப்பாக்கி உரிமை மசோதா ஆளுநர் மேசைக்குப் போயிருக்கிறது, கையெழுத்திடுவாரா, வீட்டோ செய்வாரா? செய்தியாளர்கள் அவருடைய பழைய பேச்சுகளைக் கிளறுவார்கள், கட்சியைப் பார்ப்பார்கள், அடுத்த தேர்தல் எப்போது என்று பார்ப்பார்கள். இவை எல்லாம் பார்க்க வேண்டியவையே. ஆனால் மிசூரியின் கடந்த இருபது ஆண்டுக் கதையை வரிசையாகப் படித்தால், ஆளுநரின் மனத்தைவிட அவையின் எண்ணிக்கைதான் விடையைத் தீர்மானித்திருக்கிறது. ஆளுநரின் மறுப்பு மதிப்பற்றது என்று இதற்குப் பொருளில்லை. அதன் மதிப்பு, நாம் தேடும் இடத்தில் இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. நமக்குப் பழக்கமான ஆளுநர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். மசோதாவை அவர் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்பது உச்ச நீதிமன்றம்வரை போன வழக்கு. அமெரிக்க மாநில ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். நம் முதலமைச்சரின் அதிகாரமும் ஆளுநரின் பேனாவும் ஒரே கையில் இருப்பதுபோல. மிசூரியில் அவருக்குக் காலக்கெடு உண்டு. கூட்டத்தொடர் நடக்கும்போது 15 நாள், முடிந்தபின் 45 நாள். அதற்குள் ஒன்றும் செய்யாவிட்டால் மசோதா கையெழுத்தின்றியே சட்டமாகிவிடும். இன்னொரு வேறுபாடும் உண்டு. இந்தியாவில் ஆயுதம் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றே. சென்னையிலோ லக்னோவிலோ துப்பாக்கி உரிமை மசோதா ஒன்று ஆளுநரிடம் போகும் சூழலே எழாது. அமெரிக்காவில் அடிப்படைக் கூட்டாட்சிச் சட்டங்கள் சில இருந்தாலும், யார், எங்கே, எப்படித் துப்பாக்கி ஏந்தலாம் என்பதில் பெரும்பகுதியை மாநிலங்களே முடிவு செய்கின்றன.

மிசூரியில் ஒரு மசோதா நிறைவேற செனட்டில் 18 பேரும் 163 பேர் கொண்ட கீழவையில் 82 பேரும் போதும். ஆளுநர் மறுத்தால் இந்த எண்கள் 23 ஆகவும் 109 ஆகவும் உயர்கின்றன. ஆக, அந்தக் கையெழுத்தின் எடை 5 செனட்டர்கள், 27 பிரதிநிதிகள். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. அவையில் பெரும்பான்மைக் கட்சிக்கு அந்த உபரி கையில் இருந்தால் வீட்டோ ஒரு கருத்துரை மட்டுமே. ஒரு நபர் குறைந்தாலும் அது சுவர்.

இந்தக் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. மேற்கு வர்ஜீனியாவில் வீட்டோவை உடைக்கச் சாதாரணப் பெரும்பான்மையே போதும். அங்கே ஆளுநர் எர்ல் ரே டாம்ப்ளின், உரிமமின்றி மறைத்து ஏந்தும் மசோதாவை 2015-இல் மறுத்தார். கூட்டத்தொடர் முடிந்துவிட்டதால் அந்த மறுப்பு நின்றது. மறு ஆண்டு மசோதாவை முன்கூட்டியே நிறைவேற்றி அனுப்பினார்கள், மறுபடி மறுத்தார், உடனே உடைத்தார்கள். வட கரோலினாவில் அவைக்கு வந்து வாக்களிப்போரில் ஐந்தில் மூன்று பங்கு வேண்டும். 2023 மார்ச்சில், கைத்துப்பாக்கி வாங்குவதற்கான அனுமதிச் சீட்டு முறையை ஒழிக்கும் மசோதாவுக்கு ஆளுநர் ராய் கூப்பர் இட்ட வீட்டோ, ஜனநாயகக் கட்சி உறுப்பினர் மூவர் அவைக்கு வராத நாளில் வீழ்ந்தது. லூசியானாவில் 2021-இல் ஜான் பெல் எட்வர்ட்ஸின் வீட்டோவைச் செனட்டால் உடைக்க முடியவில்லை. 2024-இல் புதிய ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி அதே நோக்கமுள்ள மசோதாவில் கையெழுத்திட்டார். கட்சி மட்டும் பார்த்து ஊகிப்பவர்களுக்கு ஓக்லஹோமா ஒரு எச்சரிக்கை. குடியரசுக் கட்சி ஆளுநர் மேரி ஃபாலின் 2018-இல் உரிமமற்ற ஏந்தல் மசோதாவை மறுத்தார். அவருக்குப் பின் வந்த, அதே கட்சியைச் சேர்ந்த கெவின் ஸ்டிட், 2019 பிப்ரவரியில் கையெழுத்திட்ட முதல் மசோதாவே அதுதான். 2024-க்குள் 29 மாநிலங்கள் உரிமமற்ற ஏந்தலுக்கு வந்துவிட்டன.

மறுபடி மிசூரிக்கு வருவோம். ஹோல்டனின் மறுப்புக்கு ஒரு வலுவான ஆதாரம் இருந்தது. 1999 ஏப்ரலில் இதே கேள்வி மக்கள் வாக்கெடுப்புக்கே விடப்பட்டது. மறைத்து ஏந்த அனுமதிக்கலாமா என்றதற்குச் சுமார் 52 சதவீதத்தினர் வேண்டாம் என்றார்கள். செயின்ட் லூயிஸும் கேன்சஸ் சிட்டியும் அவற்றின் புறநகர்களும் சேர்ந்து கிராமப்புறத்தைத் தோற்கடித்தன. மக்களே மறுத்ததை நான் எப்படி ஏற்பேன் என்பது ஹோல்டனின் நிலை. ஆனால் சட்டமன்றத் தொகுதிகள் வாக்குகளைக் கூட்டிப் பார்ப்பதில்லை; பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்க்கின்றன. மாநிலம் முழுதும் எண்ணினால் தோற்ற பக்கம், தொகுதி தொகுதியாக எண்ணும்போது வென்றது. கிராமப்புற ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் சிலரும் தங்கள் கட்சி ஆளுநருக்கு எதிராகவே வாக்களித்தார்கள். அதே வாரத்தில் கருக்கலைப்புக் காத்திருப்பு மசோதா, துப்பாக்கி உற்பத்தியாளர்கள்மீது நகராட்சிகள் வழக்குத் தொடர்வதைத் தடுக்கும் மசோதா ஆகியவற்றுக்கான வீட்டோக்களும் வீழ்ந்தன. மறு ஆண்டு ஹோல்டன் தம் கட்சியின் உட்தேர்தலிலேயே தோற்றார்.

இந்த வரிசையில் எவரும் அதிகம் பேசாத ஒரு கையெழுத்தையே மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். 2007-இல் குடியரசுக் கட்சி ஆளுநர் மேட் பிளண்ட் கையெழுத்திட்ட மசோதா, வீட்டுக்குள் அத்துமீறி நுழைபவர்மீது உயிரைப் பறிக்கக்கூடிய பலத்தைப் பயன்படுத்தும் உரிமையை விரிவாக்கியது. செய்திகள் அதைப் பற்றித்தான் பேசின. அதே மசோதாவுக்குள் இன்னொரு பிரிவும் இருந்தது. கைத்துப்பாக்கி வாங்குமுன் உள்ளூர் ஷெரிஃப் அலுவலகத்துக்கு நேரில் போய் அனுமதி பெற வேண்டும் என்று 1921 முதல் இருந்த முறையை அது நீக்கியது. ஆளுநர் என்ன செய்வார் என்ற பதற்றம் அப்போது எழவில்லை. கையெழுத்திடுவார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் டேனியல் வெப்ஸ்டரும் அவருடைய குழுவினரும் அந்த நீக்கத்தின் விளைவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 55 முதல் 63 வரை கூடுதல் கொலைகள் அந்த நீக்கத்தோடு தொடர்புடையவை என்பது அவர்கள் கணிப்பு. இது புள்ளியியல் தொடர்பு. ஒவ்வொரு கொலைக்கும் அந்தப் பிரிவே காரணம் என்று எவரும் நிறுவ முடியாது. ஆனால் மாநிலத்தின் வறுமை, வேலையின்மை, சிறைவாசம், பிற சட்ட மாற்றங்கள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்த உயர்வு எஞ்சியது. துப்பாக்கி இல்லாத கொலைகளில் அப்படியோர் உயர்வு தென்படவில்லை. அடுத்த பத்தாண்டின் பெரும் சண்டைகள் இந்தக் கையெழுத்துக்குப் பின்னரே வந்தன.

அந்தச் சண்டைகளின் நாயகர் ஜே நிக்சன். ஜனநாயகக் கட்சிக்காரர், 16 ஆண்டுகள் மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்துவிட்டு 2009-இல் ஆளுநரானவர், வேட்டைப் பழக்கம் உள்ளவர். துப்பாக்கி என்றாலே மறுப்பவர் அல்லர். மறைத்து ஏந்தும் உரிமத்துக்கான வயதை 23-இலிருந்து 21-க்குக் குறைத்த மசோதாவில் 2011-இல் அவர் கையெழுத்திட்டிருக்கிறார். ஆகவே 2013 கோடையில் 'இரண்டாம் திருத்தப் பாதுகாப்புச் சட்டம்' என்ற மசோதா அவர் மேசைக்கு வந்தபோது, என்ன செய்வார் என்ற கேள்விக்கு உண்மையிலேயே பொருள் இருந்தது.

அந்த மசோதா சாதாரணமானதல்ல. சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டு ஓராண்டு ஆகவில்லை. வாஷிங்டனில் புதிய கட்டுப்பாடுகள் பற்றிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மிசூரி சட்டமன்றம் எதிர்த்திசையில் பாய்ந்தது. 1934, 1968-ஆம் ஆண்டுகளின் கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டங்கள் உள்ளிட்டவை மிசூரியில் செல்லாது என்று அறிவித்தது. அவற்றை மிசூரி மண்ணில் அமல்படுத்த முயலும் கூட்டாட்சி அதிகாரியைக் குற்றவாளியாக்கியது. துப்பாக்கி வைத்திருப்பவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதையும் குற்றமாக்கியது.

நிக்சன் வீட்டோ செய்தார். அவருடைய மறுப்புக் கடிதம், துப்பாக்கிக்கு ஆதரவா எதிர்ப்பா என்ற வழக்கமான வாதத்துக்குள் போகவே இல்லை. ஒரு வழக்கறிஞரின் கண்ணோடு இரண்டு ஓட்டைகளைச் சுட்டியது. முதலாவது, கூட்டாட்சிச் சட்டம் மாநிலச் சட்டத்துக்கு மேலானது என்ற அரசியலமைப்புப் பிரிவு. அதை ஒரு மாநிலம் தன் சட்டத்தால் ரத்து செய்ய முடியாது. இரண்டாவது, பேச்சுரிமை. இதற்கு அவர் எடுத்த உதாரணம் மிசூரிக்காரர்களுக்கு உடனே புரிந்தது. முதல் மானையோ வான்கோழியையோ வேட்டையாடிய சிறுவர் சிறுமியரின் படத்தை ஆண்டுதோறும் பெருமையோடு அச்சிடும் சிற்றூர்ப் பத்திரிகை ஆசிரியர்கள், இந்தச் சட்டப்படி வழக்குக்கு ஆளாவார்கள் என்றார். துப்பாக்கிப் பண்பாட்டைக் காப்பதாகச் சொன்ன மசோதா, அந்தப் பண்பாட்டின் மிக எளிய கொண்டாட்டத்தையே குற்றமாக்கியிருந்தது. எழுதியவர்கள் அதைக் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அவசரத்தில் எழுதப்படும் மசோதாக்களை முதன்முதலில் முழுதாக உட்கார்ந்து படிப்பவர் பல நேரங்களில் ஆளுநரின் சட்ட அலுவலர்தான்.

செப்டம்பர் 11 அன்று, ஆளுநர் மறுத்த மசோதாக்களை மறுபடி எடுத்துக்கொள்ளும் வீட்டோ அமர்வு கூடியது. கீழவையில் 109 பேர் உடைக்க வாக்களித்தார்கள். தேவை 109. செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 24 இடங்கள், தேவை 23. கணக்குப்படி வீட்டோ வீழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தைய வாரம் தலைமை வழக்கறிஞர் கிறிஸ் கோஸ்டர் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். ஜனநாயகக் கட்சிக்காரர், ஆனால் பின்னாளில் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் ஆதரவையே பெற்றவர். உள்ளூர்ப் போலீசும் கூட்டாட்சி அமைப்புகளும் சேர்ந்து செய்யும் குற்றத்தடுப்புப் பணி முடங்கும், குற்றவாளிகளே போலீஸ்காரர்மீது வழக்குத் தொடர வழி திறக்கும் என்று அதில் எச்சரித்தார். இரவு வாக்கெடுப்பில் 22-12. செனட்டின் தலைவர் டாம் டெம்ப்சியும் பெரும்பான்மைக் கட்சித் தலைவர் ரான் ரிச்சர்டும் தங்கள் கட்சியோடு முரண்பட்டு வாக்களித்தார்கள். இருவருமே சில மாதங்களுக்கு முன் அதே மசோதாவை ஆதரித்தவர்கள்.

இந்த இரண்டு வாக்குகளை வியந்து பாராட்டலாம். ஆனால் அவற்றைச் சரியாகப் புரிந்துகொள்வது அதைவிடப் பயனுள்ளது. முதல் வாக்கெடுப்பில் 'ஆம்' சொல்வதற்குச் செலவில்லை, ஆளுநர் தடுப்பார் என்ற நம்பிக்கை இருந்தது. தொகுதிக்குப் போய் வாக்களித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டம் வந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம். எதிர்க்கட்சி ஆளுநர் இருக்கும்போது சட்டமன்றம் பொறுப்பில்லாமல் எழுதலாம். ஆளுநர் மேசை ஒரு குப்பைத் தொட்டியாகப் பயன்படுகிறது. வீட்டோ அமர்வில்தான் அந்த வாக்கு முதன்முறையாக நிஜமாகிறது. அப்போது தயங்கியவர்கள் இருவர்; மற்ற 22 பேர் தயங்கவில்லை.

அதன்பின் நிக்சனின் பேனா வேகமாக மெலிந்தது. 2014 ஆகஸ்டில் மிசூரி வாக்காளர்கள் சுமார் 61 சதவீத ஆதரவோடு மாநில அரசியலமைப்பைத் திருத்தித் துப்பாக்கி உரிமையைப் பறிக்க முடியாத உரிமையாக்கினார்கள். மறைத்து ஏந்துவதை அந்த உரிமை நியாயப்படுத்தாது என்று பழைய அரசியலமைப்பில் இருந்த சொற்றொடரும் போயிற்று. 1999-இல் மறுத்த அதே மக்கள்தானா என்றால், வாக்கெடுப்பு நடந்தது ஆகஸ்ட் உட்தேர்தல் நாளில், வந்து வாக்களித்தவர்கள் குறைவு என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்த மாதமே, பள்ளிகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் ஆயுதம் வைத்திருக்கவும் உரிம வயதை 19-க்குக் குறைக்கவும் வழிசெய்த மசோதா அவருடைய வீட்டோவைத் தாண்டியது. 2016-இல் உரிமமே இல்லாமல் மறைத்து ஏந்தலாம் என்ற மசோதா. போலீஸ் அமைப்புகள் எதிர்த்தன, நிக்சன் மறுத்தார். செப்டம்பர் 14 அன்று செனட்டில் 24-6, கீழவையில் 112-41. உடைந்தது. மிசூரி வரலாற்றில் இவருடைய வீட்டோக்கள் அளவுக்கு வேறு எந்த ஆளுநரின் வீட்டோக்களும் உடைக்கப்பட்டதில்லை.

2021-இல் 2013-இன் மசோதா திரும்பி வந்தது. கூட்டாட்சி அதிகாரிகளைக் கைது செய்யும் பிரிவும் பெயர் வெளியிடுவதைத் தடுக்கும் பிரிவும் இப்போது இல்லை. பதிலாக ஒரு புதிய ஆயுதம்: செல்லாது என்று மாநிலம் அறிவித்த கூட்டாட்சிச் சட்டங்களை அமல்படுத்த உதவும் உள்ளூர்ப் போலீஸ் துறைமீது பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடரலாம், மீறல் ஒன்றுக்கு 50,000 டாலர் அபராதம். ஆளுநர் மைக் பார்சன் 12 ஆண்டுகள் ஷெரிஃபாக இருந்தவர். போலீசின் கவலை அவருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஜூன் 12 அன்று லீஸ் சம்மிட் நகரில், சுடும் பயிற்சிக் கூடமும் கொண்ட ஒரு துப்பாக்கிக் கடையில் வைத்துக் கையெழுத்திட்டார். அவர் செய்வாரா என்று யோசித்தவர்கள் 2013-இன் வாக்குப் பட்டியலைப் பார்த்திருந்தால் போதும். தயங்காத 22 பேரில் பார்சனும் ஒருவர். சட்டத்தை நீதிமன்றத்தில் காப்பதாக அறிவித்த தலைமை வழக்கறிஞர் எரிக் ஷ்மிட்டும் அன்று அதே அவையில் அதே பக்கம் வாக்களித்தவர்.

விளைவுகள் வேகமாக வந்தன. ஓஃபாலன் நகரப் போலீஸ் தலைவர் சட்டத்தின் வாசகத்தைக் காரணம் காட்டிப் பதவி விலகினார். கூட்டாட்சி அமைப்புகளோடு இணைந்த பணிக்குழுக்களிலிருந்து சில துறைகள் தங்கள் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. கோஸ்டர் எட்டு ஆண்டுகளுக்கு முன் எழுதியது அப்படியே நடந்தது. கூட்டாட்சி நீதித்துறை 2022-இல் வழக்குத் தொடுத்தது. 2023 மார்ச் 7 அன்று நீதிபதி பிரையன் வைம்ஸ் சட்டம் முழுவதையும் செல்லாது என்றார். அடிப்படை, கூட்டாட்சிச் சட்டத்தின் மேலாண்மை. 2024 ஆகஸ்டில் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்தாண்டுக்கு முன் நிக்சன் தம் மறுப்புக் கடிதத்தில் முதலாவதாகச் சொன்ன காரணம் இதுவே. வீட்டோவின் மதிப்பு நாம் தேடும் இடத்தில் இல்லை என்று மேலே சொன்னது இதைத்தான். ஒரு மசோதாவைத் தடுப்பதில் ஆளுநர் தோற்கலாம். அதன் குறை எங்கே என்று அரசு ஆவணத்தில் தேதியோடு எழுதி வைப்பதில் தோற்பதில்லை.

ஆனால் இந்தப் பேனா ஒருபக்கமாகவே வேலை செய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். சட்டமன்றம் அனுப்பாத எதையும் ஆளுநரால் ஏற்கவோ மறுக்கவோ முடியாது. 2022 அக்டோபரில் செயின்ட் லூயிஸ் பள்ளி ஒன்றில் முன்னாள் மாணவர் சுட்டதில் இருவர் இறந்தனர். அவரிடம் துப்பாக்கி இருப்பதைக் கண்டு அஞ்சிய குடும்பத்தினர் முன்பே போலீசை அழைத்திருந்தார்கள். ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற ஆணையால் துப்பாக்கியை எடுத்து வைக்கும் சட்டம் மிசூரியில் இல்லாததால், அது குடும்பத்துக்குத் தெரிந்த இன்னொருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. மறுபடி அவர் கைக்கு வந்தது. சில மாதங்களில், பெரியவர் துணையின்றிச் சிறார்கள் பொது இடத்தில் துப்பாக்கியோடு நடமாடுவதைத் தடுக்கும் திருத்தம் ஒன்று கீழவைக்கு வந்தது. 104-39 என்ற கணக்கில் வீழ்ந்தது. 2024 பிப்ரவரி 14 அன்று கேன்சஸ் சிட்டியில் சூப்பர் பவுல் வெற்றி ஊர்வலத்தின் முடிவில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார், இருபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். பிடிபட்டவர்களில் சிறார்களும் இருந்தனர். ஆளுநர் பார்சன் அங்கேயே இருந்தார். பாதுகாவலர்கள் அவரை அப்புறப்படுத்தினார்கள். இவை தொடர்பாக அவர் முன் கையெழுத்துக்கு வந்த மசோதா எதுவும் இல்லை.

நீதிமன்றம் ரத்து செய்த சட்டத்துக்குப் புது வாசகம் எழுதி மறுபடி கொண்டுவரும் முயற்சி 2025-இலேயே தொடங்கிவிட்டது. அது என்றாவது ஆளுநர் மேசைக்கு வந்தால், எந்தப் பேச்சையும் கிளறத் தேவையில்லை. 2025 ஜனவரியில் பதவியேற்ற ஆளுநர் மைக் கீஹோ, 2013 செப்டம்பர் 11 இரவு மிசூரி செனட்டில் இருந்தார். வீட்டோவை உடைக்க வாக்களித்த 22 பேரில் அவரும் ஒருவர்.